பிறேம் நம்பருக்குள் அடங்காத வரலாறு: யாழ்ப்பாணத்துப் பழைய சைக்கிள்கள்

பழைய சைக்கிள் வைத்திருக்கிற இரண்டு பேர் சந்தித்தால் ஆளை ஆள் பார்க்க முதல் செயின் வீலைத்தான் பார்ப்பினம். செயின் வீலுக்குள் கொக்குத் தலை வெட்டியிருந்தால் அது றலி. சின்னச் சின்ன மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். விரித்த ஒரு கை தெரிந்தால் றட்ஜ். பெயின்ற் கழன்று, பெயர் அழிந்து, சீற் மாறி, மட்கார்ட் மாறிப்போன வண்டியைக்கூட இப்படி அடையாளம் கண்டுவிடலாம். ஹம்பர் என்றால் இன்னும் சுகம்: முன் போர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய் இருக்கும். தூரத்தில் வரும்போதே சொல்லிவிடுவினம்.

இந்த அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் வந்ததில்லை. உலகம் முழுக்கப் பழைய சைக்கிள் பிரியர்கள் ஆளுக்காள் கைமாற்றிச் சேர்த்த அறிவு இது. இங்கிலாந்தில் இதற்கென்றே 1955 இல் ஒரு கழகம் தொடங்கினார்கள். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஷெல்டன் பிறவுண் என்றொரு சைக்கிள் திருத்துநர் இருந்தார். ஆங்கிலேயத் தயாரிப்பான மூன்று கியர் சைக்கிள்களைக் கழற்றுவது, பூட்டுவது, எண்ணெய் விடுவது, ஆண்டு கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிவைத்தார். 2008 இல் அவர் இறந்துபோனார். ஆனால் அவர் எழுதியதைப் பார்த்து இண்டைக்கும் சனம் சைக்கிள் திருத்துது. கைத்தொழில்காரர் ஒருவர் தனக்குத் தெரிந்ததை எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

எங்கட ஊர்ச் சைக்கிள் கடைகளில் இருக்கிற அறிவுக்கு அப்படி ஒன்று நடக்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப்பற்றித்தான்.

நொட்டிங்காமில் இருந்து வந்தது

முதலில் வண்டியின் கதை. பிராங்க் பௌடன் என்கிற ஆங்கிலேயர் ஹொங்கொங்கில் பணம் சேர்த்தவர். உடம்பு சுகமில்லாமல் போக, வைத்தியரின் சொல்லைக் கேட்டுச் சைக்கிள் ஓடத் தொடங்கினார். ஓடிச் சுகம் கண்டவர், 1880களின் கடைசியில், நொட்டிங்காமின் றலி வீதியில் வாரத்துக்கு மூன்று சைக்கிள் செய்துகொண்டிருந்த சின்னப் பட்டறையையே வாங்கிவிட்டார். அந்தப் பட்டறை வளர்ந்து, 1951 இல் வருடத்துக்குப் பத்து இலட்சம் சைக்கிள்களுக்கு மேல் செய்கிற தொழிற்சாலையாகியது. அவற்றில் பெரும்பங்கு பிரித்தானியாவுக்கு வெளியேதான் போனது, அதிலும் அதன் குடியேற்ற நாடுகளுக்கும் முன்னாள் குடியேற்ற நாடுகளுக்கும். இலங்கையும் அதில் ஒன்று.

"றலி திறமோ ஹம்பர் திறமோ" என்று எங்கட அப்பப்பாக்கள் சண்டை பிடித்திருப்பினம். ஆனால் 1932 இல் றலி நிறுவனம் ஹம்பர் சைக்கிளை வாங்கிவிட்டது. 1943 இல் றட்ஜையும் வாங்கியது. 1960 இல் பிலிப்ஸ், ஹேர்குலிஸ் பெயர்களை வைத்திருந்த கம்பனியோடும் இணைந்தது. பிறகு வந்த வண்டிகளைப் பொறுத்தவரை, சண்டை பிடித்த இரண்டு பக்கமும் ஒரே முதலாளிக்குத்தான் காசு கொடுத்தது.

அந்தக் காலத்தில் றலி எல்லார் வீட்டிலும் நின்ற வண்டியில்லை. வாத்தியார், கிளாக்கர், தபாற்காரர், விதானையார் என்று மாதச் சம்பளம் வாங்குகிறவர்களின் வண்டி அது. வருடா வருடம் உள்ளூராட்சிச் சபையில் காசு கட்டி லைசன்ஸ் எடுக்கவேணும். இரவில் லைற் இல்லாமல் ஓடினாலும், டபிள் போனாலும் பொலிஸ் பிடிக்கும். துவிச்சக்கரவண்டி என்று சட்டம் மரியாதையாகப் பெயர் வைத்திருந்தது. சனம் சைக்கிள் என்றே சொன்னது.

1970 இல் இருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. வெளிநாட்டுச் சாமான் கிடைப்பது பெரும்பாடு. இருக்கிற வண்டியைத் திருத்தித் திருத்தியே ஓடவேண்டிய காலம். பிறகு பாணந்துறையில் செய்யப்பட்ட லுமாலா வந்து, றலி ஓடாத வீடுகளுக்குள்ளும் சைக்கிள் நுழைந்தது. பொம்பிளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் உழக்கிக்கொண்டு போன வண்டிகளில் கனக்க லுமாலா லேடீஸ் சைக்கிள்கள்தான்.

எண்ணெய் இல்லாத ஊரில்

ஒரு பழைய வண்டியின் வயதைப் பிறேம் நம்பரை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். அதனால் பிரியர்கள் பின் சில்லைப் பார்ப்பினம். மூன்று கியர் வண்டி என்றால் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பின் மேல் ஆண்டும் மாதமும் அடித்திருக்கும். அந்த ஹப் மாற்றப்படாததாக இருந்தால் வண்டி பிறந்த காலம் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். பிறந்த ஆண்டோடு அவர்களின் ஆராய்ச்சி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எங்களைப் பொறுத்தவரை வண்டியின் வரலாறு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கியது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் பற்றரியும் வடக்குக்கு வராமல் போனது. மோட்டார் வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகினார்கள். மண்ணெண்ணெயும் பொன் விலை. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தை இயங்கவைத்தது சைக்கிள்தான் என்று சொன்னால் அது மிகையில்லை. ஆசுப்பத்திரிக்கு நோயாளி, சந்தைக்கு மரக்கறி, அடுப்புக்கு விறகு, வேலிக்குக் கிடுகு எல்லாம் கரியரில் போனது. பிள்ளை பாரில் இருந்தது.

டைனமோவின் கதையை எல்லா வீட்டிலும் சொல்லுவினம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் றேடியோ கேட்டது. கேட்கிறபோது லேசான விசயம் மாதிரி இருக்கும். உண்மையில் அதற்குள் ஒரு சின்ன எந்திரவியல் இருக்குது. டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நடுவில் டயோட் பூட்டவேணும். சுற்றுகிற வேகம் கூடிக் குறைந்தால் சத்தமும் கூடிக் குறையும். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காதைக் கிட்ட வைத்து பிபிசி தமிழோசையும் வெரித்தாசும் கேட்டார்கள். எங்கே ஷெல் விழுந்தது, யார் செத்தது, பாதை திறக்குமோ என்று அறிய ஒரு ஊரே கை மாற்றிப் பெடல் சுற்றியிருக்குது. நொட்டிங்காமில் அந்த வண்டியை வரைந்தவர் கனவிலும் நினைத்திராத வேலை இது.

ஆனையிறவுப் பாதை மூடியபிறகு கிளாலிக் கடனீரேரியை வள்ளத்தில் கடந்து சனம் வன்னிக்குப் போய்வந்தது. வள்ளத்தில் ஆளோடு சைக்கிளும் ஏறியது. இறங்கின கரையில் இருந்து திரும்ப உழக்கவேணும். 1993 ஜனவரி 2 இல் அந்த நீரில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். பிறகும் சனம் அதே நீரைக் கடந்தது. வேறு வழி இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஐப்பற்றித் தனியே எழுதவேணும். வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் சைக்கிள் ஓட இடமில்லை. எல்லாரும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். ஹாண்டிலில் உடுப்புப் பை, பாரில் பிள்ளை, கரியரில் அரிசியோ அம்மம்மாவோ. எதை ஏற்றுவது, எதை விடுவது என்று தீர்மானித்தது அந்தக் கரியரின் அகலம். எங்கட பெற்றோர் பலருக்கு அந்த இரவு என்றால் முதலில் ஞாபகம் வருவது மழையும், முன்னால் போன சைக்கிளின் பின் சில்லும்தான்.

விட்டுப்போன வண்டிகள்

இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் எங்களுக்குச் சுகமாக இருக்கும். சைக்கிள் எங்கட உறுதியின் சின்னம் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் 1995 இற்குச் சரியாக ஐந்து வருடம் முந்தி, 1990 ஒக்ரோபர் 30 இல், யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வீடு, கடை, நகை, சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையில் சொற்பக் காசோடு அவர்கள் போனார்கள். விட்டுப்போன சாமான்களுக்குள் சைக்கிள்களும் இருந்திருக்கும். அவை காற்றில் கரைந்திராது. யாரோ ஓடியிருக்கினம்.

நல்ல நிலையில் இருக்கிற பழைய றலியைப் பார்த்து "எத்தனையாம் ஆண்டு?" என்று கேட்கிற நாங்கள், "இது யாரிடம் இருந்து வந்தது?" என்றும் கேட்கவேணும் என்று நினைக்கிறோம். ஒரு வண்டியைக் குற்றம் சாட்டுவதற்கில்லை. ஆனால் பிறேம் நம்பர் உரிமையாளரின் பெயரைச் சொல்லாது. ஆக்கள்தான் சொல்லவேணும்.

2009 இற்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் கைவிடப்பட்ட வாகனங்களும் சைக்கிள்களும் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றில் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கடைசிவரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பழைய இரும்பின் கணக்கில் அவை கிலோவாக மட்டுமே எண்ணப்படும்.

இப்ப எது பழசு, எது குப்பை

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற எங்கட தலைமுறைக்குச் சைக்கிள் திரும்ப அறிமுகமானது. சைக்கிள் விலை ஏறியது. கோடிப்புறத்தில் கிடந்த வண்டிகள் வெளியே வந்தன. அதோடு பழைய ஆங்கிலேய வண்டிகள் மேல் ஒரு புது ஆசையும் வந்தது. பளபளவென்று பெயின்ற் அடித்து, புது வெள்ளிப்பூச்சுப் போட்டு, கடைகளின் வாசலில் அலங்காரத்துக்கு நிற்கிற றலிகளை இப்ப காணலாம்.

வண்டி தப்புவது நல்லதுதான். ஆனால் இரண்டு விசயம் எங்களை யோசிக்க வைக்குது. ஒன்று, திருத்துகிறபோது வரலாறும் சேர்த்து உரஞ்சப்படுகிறது. ஊர்ப் பட்டறையில் ஒட்டின பிறேம், அகலமாக்கின கரியர், டைனமோவுக்குப் பூட்டின வயர் எல்லாம் "ஒரிஜினல் இல்லை" என்று கழற்றி எறியப்படுது. நொட்டிங்காமில் பூட்டினது மட்டும் ஒரிஜினலா? 1992 இல் யாழ்ப்பாணத்தில் ஒட்டினது ஏன் இல்லை?

மற்றது, எந்த வண்டி பழசு என்று மதிக்கப்படுகிறது என்பது. ஆம்பிளைகள் ஓடின றலிக்கும் ஹம்பருக்கும்தான் மதிப்பு. தடைக்காலம் முழுக்க அம்மாக்கள் உழக்கின லுமாலாவை ஒருவரும் தேடி வாங்குவதில்லை. அது பழைய இரும்புக்காரரிடம் போகுது. சுமந்த பாரத்தைக் கணக்கெடுத்தால் இந்த மதிப்பு நியாயமில்லை.

நொட்டிங்காமில் சைக்கிள் செய்வது 2002 இல் நின்றுவிட்டது. தொழிற்சாலை இருந்த காணியில் இப்ப பல்கலைக்கழக வளாகம் இருக்குது. ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் தைவானுக்குப் போய் இன்னும் செய்யப்படுகிறது. அவர்களின் பக்கக் கதை ஓரளவு எழுதப்பட்டாயிற்று. எங்கட பக்கக் கதை சந்திச் சைக்கிள் கடை ஐயாமாரின் தலைக்குள்ளும் எங்கட வீட்டு முதியவர்களின் வாயிலும்தான் இருக்குது. அவர்கள் எங்களுக்காகக் காத்திருக்கப்போவதில்லை.

அதனால் வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். வீட்டில் பழைய சைக்கிள் நின்றால், அது எந்தக் கம்பனியாக இருந்தாலும், இந்த ஐந்தையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கோ. யார், யாரிடம் வாங்கினது? எந்தெந்த இடப்பெயர்வுக்குப் போனது? ஆரை, எதை ஏற்றினது? எங்கே, யார் திருத்தினது, என்ன மாற்றினது? இடையில் காணாமல் போய்த் திரும்பி வந்ததா? பதில்கள் சிலநேரம் சிரிப்பாயும், சிலநேரம் சங்கடமாயும் இருக்கும். இரண்டையும் எழுதுங்கோ. பிறேம் நம்பரையும் மறக்காமல் மேலே குறித்துவிடுங்கோ. பெயின்ற் அடிக்கிற எண்ணம் இருந்தால், இதையெல்லாம் எழுதி முடித்த பிறகு அடியுங்கோ.