நரம்புச் சிலந்தி

திருத்தணிக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையைத் தொட்டமாதிரி இருக்கும் அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதியை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். கை எவ்வளவு ஓடினாலும் கால் நின்றால் தறி நின்றுவிடும்.

அந்தக் காலில் திடீரென ஒரு கொப்புளம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பை வைத்தமாதிரி எரிச்சல். கொப்புளம் உடைந்ததும் உள்ளேயிருந்து வெள்ளையாக நூல்மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கிறது. நூல் அல்ல, புழு! நீளம் இரண்டிலிருந்து மூன்று அடி.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். இதற்குத் தமிழில் 'நரம்புச் சிலந்தி' என்று பெயர். எல்லைக்கு அந்தப்பக்கம் தெலுங்கில் 'நாரி குருப்பு', ராஜஸ்தானில் 'நாரு'. இங்கிலீஷ்காரர்கள் கினியா புழு என்றார்கள். (கினியா ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நம்ம ஊர்ப் புழுவுக்கும் அதே பெயர்தான்!) சுமார் மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய எகிப்து மம்மி ஒன்றின் உடம்பிலேயே இந்தப் புழு இருந்திருக்கிறது.

உடம்புக்குள் எப்படிப் போகிறது? குடிக்கிற தண்ணீர் வழியாகத்தான். 1870-ல் ஃபெட்சென்கோ என்ற ரஷ்ய விஞ்ஞானி அந்த மர்மத்தின் முடிச்சை அவிழ்த்தார். குளத்துத் தண்ணீரில் சைக்ளாப்ஸ் என்ற பொடிப் பூச்சி உண்டு. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். புழுவின் குஞ்சுகளை அது தின்கிறது. அந்தப் பூச்சியோடு சேர்த்துத் தண்ணீரை நாம் குடிக்கிறோம். பூச்சி வயிற்றில் செத்துப்போகும், குஞ்சு சாகாது. சத்தமில்லாமல் ஒரு வருஷம் உள்ளே வளர்ந்து, பெண் புழு காலுக்கு இறங்கி வரும்.

இங்கேதான் அதன் தந்திரம். எரிச்சல் தாங்காமல் மனுஷன் என்ன செய்வான்? ஓடிப்போய் குளத்துப் படியில் இறங்கிக் காலை நனைப்பான். அந்த நொடிக்காகத்தான் அது காத்திருக்கிறது! லட்சக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் கக்கிவிடும். அதே படியில் அடுத்த வீட்டு அம்மா குடத்தை முக்குவார்.

தடுப்பூசி கிடையாது. குணமாக்க மருந்து இன்றுவரை கிடையாது. வைத்தியம் என்றால் ஒரு குச்சிதான். வெளியே வந்த முனையைக் குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு இழுத்து, அறுந்துவிட்டால் சீழ் பிடித்து ஆளையே படுக்க வைத்துவிடும். உயிர் போவது அபூர்வம். ஆனால் உழவுக்காலத்தில் இரண்டு மாசம் படுத்துக் கிடக்கும் விவசாயியின் வீட்டில் என்ன மிஞ்சும்? ஒருதடவை வந்தவருக்கு மறுபடி வராது என்ற ஆறுதலும் கிடையாது.

1983-84-ல் மத்திய அரசு ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது ஏழு மாநிலங்களில் இந்த நோய் இருந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. 1984-ல் நாடு முழுக்கச் சுமார் 40,000 பேருக்குப் புழு. படி இறங்கும் கிணறுகளை மூடி, கயிறு போட்டு இறைக்கும் கிணறாக மாற்றினார்கள். கைபம்பு போட்டார்கள். தண்ணீரில் டெமிஃபாஸ் மருந்து விட்டார்கள். வீட்டுக்கு வீடு சொன்னது ஒன்றுதான்... துணியில் வடிகட்டிக் குடியுங்கள்! நெருக்கமாக நெய்த துணி ஒன்று போதும், சைக்ளாப்ஸ் மாட்டிக்கொள்ளும். மருந்துக் கம்பெனிகளால் முடியாததை நெசவாளியின் துணி செய்தது என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

1984-க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒருவருக்கும் வரவில்லை. மற்ற மாநிலங்களை நாம்தான் முந்தினோம். இந்தியாவின் கடைசி நோயாளி, 1996 ஜூலையில், ஜோத்பூர் மாவட்டத்தில். அப்புறமும் நம்பாமல், புழுவோடு யாராவது இருந்தால் தகவல் சொல்லுங்கள், சன்மானம் உண்டு என்று அறிவித்துத் தேடினார்கள். ஒருவரும் சிக்கவில்லை. 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

ஆப்பிரிக்காவில் இதன் பின்னால் அலைந்தவர் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர். 1988-ல் கானா நாட்டுக் கிராமம் ஒன்றில், குழந்தையை அணைத்தபடி நிற்கிறாள் என்று நினைத்து ஒரு பெண்ணை நெருங்கினார். அவள் ஏந்திக்கொண்டிருந்தது குழந்தையல்ல, புழு வெளிவந்து வீங்கிப்போன தன் மார்பை.

1986-ல் உலகம் முழுக்கச் சுமார் 35 லட்சம் பேர். கடைசிப் புழு எனக்கு முன்னால் சாக வேண்டும் என்பார் கார்ட்டர். 2024 டிசம்பரில் நூறு வயதில் அவர் இறந்தார். அந்த வருஷக் கணக்கு, உலகம் முழுக்க 15 பேர். சாட் நாட்டில் அது இப்போது நாய்களின் உடம்பில் ஒளிந்துகொண்டிருக்கிறது.