இரவு உடையின் பயணம்: கப்பல் தளம் முதல் ஷாங்காய் சந்து வரை

உறங்கும் உடையோடு வெளியே நடமாடுவது அண்மைக்கால ஒழுக்கச் சரிவு என்று பலர் கருதுகின்றனர். வரலாறு அக்கருத்துக்கு இடம் தரவில்லை. மூன்றரை நூற்றாண்டுச் சான்றுகள் இரண்டு உண்மைகளைக் காட்டுகின்றன. வீட்டு உடையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததில் நெடும்பயணங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் போற்றுவதா, பழிப்பதா என்பதை உடுத்தியவரின் சமூக நிலையே முடிவுசெய்தது.

கிழக்கிலிருந்து சென்ற ஆடை

17-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்கள் சோழமண்டலக் கடற்கரையின் சீட்டித் துணிகளை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றன. அத்தகைய துணிகளில் அங்குள்ள செல்வர்கள் வீட்டில் அணியத் தளர்வான நீள் அங்கிகளைத் தைத்துக்கொண்டனர். 1666-இல் லண்டன் கடற்படை நிர்வாகி சாமுவேல் பெப்பிஸ், ஓவியர் ஜான் ஹேல்ஸ் முன் அமர்வதற்கென்றே ஓர் இந்திய அங்கியை வாடகைக்கு எடுத்தார். வீட்டு உடை அதற்குள் படிப்புக்கும் வசதிக்கும் அடையாளமாகியிருந்தது.

அடுத்துச் சென்றது பைஜாமா. இந்தியாவில் அது பகலிலேயே தெருவில் அணியும் உடை. இங்கிருந்த ஐரோப்பியர் அதை ஓய்வுக்கும் உறக்கத்துக்கும் உரியதாக்கிக்கொண்டனர். ஹென்றி யூலும் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இம்மாற்றத்தைப் பதிவுசெய்கிறது. ஆக, ‘இரவு உடை’ என்ற தன்மை துணியிலோ தையலிலோ இல்லை. அத்தன்மையைத் தந்தது வழக்கமே.

கப்பலும் ரயிலும்

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழைநாடுகளுக்கான கப்பல்கள் செங்கடல் வழியே சென்றன. அறைகளின் புழுக்கம் தாளாமல் ஆண்கள் மேல்தளத்தில் உறங்கினர். விடியற்காலையில் பைஜாமாவோடு அங்கேயே உலாவினர். பெண்கள் மேலே வரும் நேரத்துக்குள் கீழே இறங்கி உடை மாற்றிவிட வேண்டும் என்பது வழக்கம். அமெரிக்காவில் 1860-களில் புல்மன் படுக்கைப் பெட்டிகள் ஓடத் தொடங்கியபோது, முன்பின் அறியாதவர்கள் ஒரு திரையை மட்டும் இடையே வைத்து உறங்கினர். அங்கும் இரவு உடைமேல் ஓர் அங்கியைப் போர்த்திக்கொண்டு கழுவறைக்கு நடந்தாக வேண்டியிருந்தது. பழைய ஒழுங்கை யாரும் கைவிடவில்லை. இடத்தையும் நேரத்தையும் வரையறுத்து ஒரு விலக்கை அதில் சேர்த்தனர்.

விடுமுறையின் உரிமை

1920-களில் இவ்விலக்கு பெண்களுக்கும் விரிந்தது. வெனிஸின் லிடோவிலும் பிரான்ஸின் ழுவான்-லே-பான் கடற்கரையிலும் விடுமுறைக்கு வந்த சீமாட்டிகள் அகன்ற கால்களுடைய பட்டுப் பைஜாமாவில் பகலிலேயே உலாவினர். பெண் கால்சட்டை அணிவதே கண்டனத்துக்குள்ளான காலம் அது. 1960-இல் இரீனே கலிட்சீனே வடிவமைத்த பலாஸ்ஸோ பைஜாமா மாலை விருந்துக்குரிய ஆடையாயிற்று. இன்று பல விமான நிறுவனங்கள் முதல் வகுப்புப் பயணிகளுக்குப் பைஜாமாவை உபசாரமாகவே வழங்குகின்றன.

பயணி வரும் ஊர்

2010-இல் உலகக் கண்காட்சி நடந்த ஷாங்காயில் நிலைமை தலைகீழாயிற்று. நெருக்கமான சந்து வீடுகளில் சமையலறையும் கழிப்பறையும் பொதுவானவை. வாசலே வீட்டின் நீட்சி. பைஜாமாவோடு காய்கறி வாங்கப் போவது அங்கே இயல்பு. பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் பைஜாமா வசதியின் சின்னமாகவும் இருந்தது. ஆனால், பைஜாமாவோடு வெளியே வராதீர்கள் என்று பலகைகள் வைக்கப்பட்டன. தன்னார்வலர்கள் அறிவுரை கூறினர். அக்கண்காட்சிக்கு 7 கோடிக்கும் மேற்பட்டோர் வந்தனர். வருவோரின் பார்வைக்காக ஊரார் உடை மாற்ற நேர்ந்தது. 2020-இல் அன்ஹுய் மாகாணத்தின் சுஜோ நகர நிர்வாகம், பைஜாமாவில் நடமாடியவர்களின் கண்காணிப்புப் படங்களையே வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்தபின் மன்னிப்புக் கேட்டது.

2018-இல் ஆந்திரத்தின் தோகலப்பள்ளியில் ஊர்ப்பெரியவர்கள், பகலில் நைட்டியோடு வெளியே வரும் பெண்களுக்கு 2,000 ரூபாய் அபராதம் விதித்ததும் இவ்வரிசையில் சேரும்.

முடிவுரை

கப்பலின் கனவான், கடற்கரைச் சீமாட்டி, முதல் வகுப்புப் பயணி ஆகியோரிடம் நாகரிகமாகத் தோன்றிய உடை, சந்துவாசியிடமும் கிராமத்துப் பெண்ணிடமும் குற்றமாகிறது. இத்தகைய தடைகள் காப்பது கண்ணியத்தை அல்ல, படிநிலையையே. பேருந்திலோ ரயிலிலோ ஒருவரின் தளர்ந்த உடையை மதிப்பிடும் முன், அதே உடையை வசதி படைத்தவர் அணிந்திருந்தால் என்ன சொல்வோம் என்று கேட்டுக்கொள்வதே நேர்மையான அளவுகோல்.