பங்களா (காரைக்குடி)

பங்களா என்பது காரைக்குடி செஞ்சைப் பகுதியில், தேவகோட்டை சாலையில் உள்ள பாரம்பரிய விடுதியும் உணவகமும் ஆகும். எம்.எஸ்.எம்.எம். என்னும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பத்துக்குச் சொந்தமானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம், பின்னர் கிளப்பாகவும் இயங்கியது. 1999-இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த மீனாட்சி மெய்யப்பன் இதை விடுதியாகத் திறந்தார்.

நகரத்தார் ஊர்கள் அடங்கிய செட்டிநாட்டில் வீடு வேறு, பங்களா வேறு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு, குடும்பத்துக்கும் சடங்குக்கும் உரியது. வெள்ளைக்கார அதிகாரிகளையும் வெளி விருந்தாளிகளையும் உபசரிக்க வசதி படைத்தவர்கள் தனியே பங்களா கட்டிக்கொண்டார்கள். ஆக, இந்தக் கட்டடம் உணவகமானதில் வியப்பில்லை. விருந்து அதற்குப் பழைய தொழில்.

வீடுகளின் கதை அவ்வளவு எளிதல்ல. கல்யாணமான மகனைத் தனிக்குடித்தனமாக ‘வேறு வைத்த’ பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமானவரின் குடும்பத்துக்கும்) தனி அடுப்பு, தனிக் கணக்கு. வீடு மட்டும் பொது. மூன்று தலைமுறை போனால் பங்காளிகள் பெருகி ஊர் ஊராகச் சிதறிவிடுகிறார்கள். எல்லாரும் ஒப்பாமல் ஒரு கதவைக்கூட மாற்ற முடியாது. பல வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டுமே திறக்கின்றன. இடிபட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாய்ந்து நிற்கின்றன. விதிவிலக்கும் உண்டு. கானாடுகாத்தானில் நகரத்தார் ஒருவர் தம் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய ‘விசாலம்’ இன்று சிஜிஎச் எர்த் நிறுவனத்தின் விடுதி.

பங்களாவின் பெயர் ஊர் தாண்டியது மதியச் சாப்பாட்டால். வாழையிலையில் அரிசி களைந்த நீரில் செய்யும் மண்டி, நண்டு ரசம், மிளகுக் கோழி. இனிப்புக்குக் கவுனி அரிசி. கறுத்த அந்த அரிசி, நகரத்தார் லேவாதேவி செய்யப் போன பர்மாவிலிருந்து வந்தது; ஊற வைத்து, குழைய வேகவிட்டு, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் ஊதா நிறத்தில் பளபளக்கும். கல்பாசியும் மராட்டி மொக்கும் மணக்கும் மசாலாவைக் காரம் என்று மட்டும் சொல்லித் திரிகிறார்கள் வெளியூர் ‘செட்டிநாடு’ ஓட்டல்காரர்கள். உண்மையில் இங்கே மணம்தான் முந்தி வரும்.

விருந்தினருக்குச் சமையல் பயிற்சியும் இங்கு நடத்தப்படுகிறது. மீனாட்சி மெய்யப்பன், எஸ். முத்தையா, விசாலாட்சி ராமசாமி எழுதிய ‘தி செட்டியார் ஹெரிடேஜ்’ என்னும் நூல் 2000-இல் வந்தது. இந்த அடுப்படியின் சமையல் குறிப்புகள் ‘தி பங்களா டேபிள்’ என்ற நூலாயின.