கேக் கம்பெனியின் கணக்குப் பிரிவு

உலகிலேயே முதலில் அலுவலகக் கணக்குக்கென்று சொந்தமாகக் கணினி கட்டியது டீயும் கேக்கும் விற்ற ஒரு கம்பெனி. லண்டனின் ஜே. லயன்ஸ்.

1894இல் பிக்காடிலியில் முதல் தேநீர்க் கடையைத் திறந்த நிறுவனம், அரை நூற்றாண்டில் ஊரெங்கும் கிளை விட்டிருந்தது. ஒரு கோப்பை டீ, ஒரு பன் என்று சில்லறையில் ஓடும் வியாபாரம். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் லாபம் சொற்பம். அதற்கு எழுத வேண்டிய ரசீதோ மலை மலையாக. 1923இல் வேலைக்குச் சேர்ந்த ஜான் சிம்மன்ஸ் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். நடந்து முடிந்ததைப் பேரேட்டில் ஏற்றுவதோடு கணக்குப் பிரிவின் வேலை தீர்ந்துவிடாது, அடுத்து என்ன செய்யலாம் என்று முதலாளிகளுக்கு அது சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. அலுவலக வேலைமுறைகளை ஆராய்வதற்கென்றே அங்கே தனிப் பிரிவு ஒன்று இயங்கியது.

1947இல் தாம்ப்சன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இரு அதிகாரிகள் புதிய அலுவலக முறைகளைப் பார்க்க அமெரிக்கா போனார்கள். பிரின்ஸ்டனில் அவர்கள் சந்தித்த கணினி முன்னோடி ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் கணினி கட்டிவரும் செய்தியைச் சொன்னார். உள்ளூர்ச் சங்கதி தெரியக் கடல் தாண்ட வேண்டியிருந்தது! லயன்ஸ் அந்தப் பணிக்கு 3,000 பவுண்டு கொடுத்தது. 1949இல் கேம்பிரிட்ஜ் கணினி ஓடியதும், அதே மாதிரியில் தனக்கொன்று கட்டிக்கொண்டது. பெயர் லியோ. சுமார் 6,000 வால்வுகள் கொண்ட அந்தப் பூதம், 1951 நவம்பர் இறுதியில் ரொட்டி, கேக்குகளின் அடக்கவிலைக் கணக்கைப் போடத் தொடங்கியது. பின்னர் சம்பளக் கணக்கும் அதனிடம் வந்தது. தேர்ந்த குமாஸ்தாவுக்கு ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட 8 நிமிடம் பிடிக்கும். லியோவுக்கு ஒன்றரை விநாடி.

வேகத்தைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள். உண்மையான கெட்டிக்காரத்தனம் 1954இல் தொடங்கிய கடை ஆர்டர் முறையில் இருந்தது. லயன்ஸ் அதிகாரி டேவிட் கமினரின் குழு வகுத்தது அது. ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக வழக்கமான ஆர்டர் ஒன்று முன்கூட்டியே பதிவாகியிருக்கும். கடை மேலாளரான பெண்மணி அன்றைக்கு வேண்டிய மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். மறுமுனையில் இருப்பவர் கேட்டபடியே அதைத் துளை அட்டையில் பதிவு செய்வார். சரக்கு கட்டும் பட்டியல் அதிலிருந்தே அச்சாகி வரும். எந்தப் பண்டம் எங்கே எவ்வளவு போகிறது என்ற புள்ளிவிவரமும், தனியாக யாரும் உட்கார்ந்து எழுதாமல், நிர்வாகத்தின் மேசைக்கு வந்தது.

தங்கள் கணக்கையும் போட்டுத்தரக் கேட்டுக்கொண்டு மற்றவர்களும் வந்தார்கள். ஃபோர்டு கார் கம்பெனியின் சம்பளக் கணக்கைக்கூட இந்த கேக்குக்காரர்களின் கணினி போட்டது. 1954இலேயே லியோ தனி நிறுவனமாகி, 1963இல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்துடன் இணைந்தது.

தாய் நிறுவனமான லயன்ஸோ 1970களில் வெளிநாட்டு நாணயத்தில் பெருங்கடன் வாங்கி, பாஸ்கின் ராபின்ஸ் உட்பட வேறு கம்பெனிகளை வளைத்துப் போட்டது. பவுண்டின் மதிப்பு சரிந்ததும் கடன் ஊதிப் பெருத்தது. 1978இல் அலைடு புரூவரீஸ் என்ற மதுபான நிறுவனம் லயன்ஸையே வாங்கிக்கொண்டது.