கோணேசர் கல்வெட்டும் திருகோணமலையின் சாதியமைப்பும்

திருகோணமலையின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் இரு பொருள்களிலேயே கவனம் செலுத்தியுள்ளனர். ஒன்று கோணேசர் கோயில். மற்றது இயற்கைத் துறைமுகம். கோயிலைப் பற்றிய எழுத்துக்கள் அழிவின் துயரையும் மீட்சியின் பெருமிதத்தையும் கூறுவன. துறைமுகத்தைப் பற்றியவை வல்லரசுகளின் போட்டியைக் கூறுவன. கோயிலுக்கு நெல் குற்றியவர்களும் துறையில் சுமை தூக்கியவர்களும் இவ்விருவகை எழுத்திலும் அருகியே காணப்படுகின்றனர். அவர்களை முன்வைத்து நோக்கின், இப்பிரதேசத்தில் சாதி எவ்வாறு நிலைபெற்றது என்பதும், அதைப் பற்றிய பேச்சு ஏன் அடங்கிப்போயிற்று என்பதும் ஓரளவு தெளிவாகும்.

இவ்வாய்வுக்கு எமக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று கவிராசவரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு ஆகும். பெயர் கல்வெட்டாயினும் இது கல்லில் பொறிக்கப்பட்ட சாசனமன்று. ஏட்டில் எழுதப்பட்டு வழங்கிய நூல். கோயில் திருப்பணியோடு குளக்கோட்டன் என்னும் மன்னன் பெயரை இது இணைக்கின்றது. தமிழகத்திலிருந்து குடிகளை வருவித்து, அவர்களைத் தானத்தார், வரிப்பத்தார் எனப் பகுத்து, ஒவ்வொரு பிரிவினர்க்கும் உரிய தொழும்பை அம்மன்னன் வரையறுத்தான் என்பது நூல் தரும் செய்தி. குளக்கோட்டனின் காலமும் வரலாற்றுத் தன்மையும் குறித்து ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. எனினும், நூல் எழுந்த காலத்தில் கோயிலைச் சார்ந்த சமூகம் தன்னை எவ்வாறு ஒழுங்குபடுத்தியிருந்தது என்பதற்கு அது நல்ல சான்றாகும்.

அவ்வொழுங்கின் அடித்தளம் நிலமேயாகும். நெல்விளையும் வயல்களும் அவற்றுக்கு நீர் பாய்ச்சும் குளங்களும் கோயிலோடு பிணைக்கப்பட்டிருந்தன. ஊழியத்துக்கு ஈடாக விளைவிற் பங்கும் கோயிலில் வரிசையும் கிடைத்தன. தொழும்பு பிறப்புவழி வந்தமையால் பங்கும் வரிசையும் பிறப்புவழியே வந்தன. கணக்கும் பண்டாரக் காவலும் ஒரு பிரிவினரின் உரிமையாக, உடலுழைப்பு வேறு பிரிவினரின் கடமையாயிற்று. பணிகளுக்கிடையிலான வேற்றுமை மனிதருக்கிடையிலான ஏற்றத்தாழ்வாக மாறிய முறை இதுவே. இறைவன் திருமுன்னர் செய்யும் தொண்டு என்ற விளக்கம் அந்த ஏற்றத்தாழ்வுக்குப் புனிதத்தை வழங்கியது.

இவ்வமைப்பு அனைவராலும் மனமுவந்து ஏற்கப்பட்டதன்று என்பதற்கு நூலுக்குள்ளேயே குறிப்புண்டு. தானத்தாருக்கும் வரிப்பத்தாருக்குமிடையே எழக்கூடிய பிணக்குகளைத் தீர்ப்பதற்காக மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்பவனை வருவித்து வன்னிமையாக நியமித்தனர் என்பது மரபு. குடிகள் தத்தம் கடமையில் இசைந்து வாழ்ந்தனர் எனப் பாராட்டுவோர் இச்செய்தியின் பொருளைச் சிந்திப்பதில்லை. பிணக்கில்லாத இடத்தில் நடுவனுக்குத் தேவை எழாது.

1622 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடிப்பித்தான். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. கோயில் அழிந்தபோதிலும் அதனைச் சார்ந்த சமூக ஒழுங்கு அழியவில்லை. தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தபோது, வயலும் தொழும்பும் வரிசையும் கொண்ட பழைய முறை அங்கு தொடர்ந்தது. சாதியின் உறைவிடம் கோபுரமன்று. நிலத்தின் மீதும் உழைப்பின் மீதும் கொண்ட உரிமையே அதன் உறைவிடம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1795 இல் திருகோணமலை பிரித்தானியர் வசமாயிற்று. 1844 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் இலங்கையில் அடிமைமுறையை ஒழித்தது. ஆயினும், விடுதலை பெற்றவர்க்கு அது நிலம் எதையும் வழங்கவில்லை. கடற்படைத் தளமும் அதன் தொழிற்சாலைகளும் வளர்ந்தபோது நாட்கூலி என்னும் புதிய உறவு தோன்றிற்று. காசு கொடுத்து உழைப்பைப் பெறும் தொழிற்றலம் குடிமைக் கடமையைக் கோருவதில்லை. ஆதலின் பழைய கட்டு தளர வழி பிறந்தது. அதே ஆட்சி வேறொரு கட்டையும் இறுக்கியது. இலங்கையின் நகரங்களைத் துப்புரவு செய்வதற்கெனத் தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட சாதியினர் கொண்டுவரப்பட்டனர். சாதித் தொழில் இவ்வாறு நகரசபை உத்தியோகமாயிற்று. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றோராக்கியபோது இவர்களுட் பலரும் அதற்குள் அகப்பட்டனர். நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டவழித் தீர்வு 2003 இலேயே நிறைவாகக் கிட்டிற்று. சாதியால் ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர்கள் சட்டத்தால் நாட்டுக்கும் புறத்தே நிறுத்தப்பட்டனர்.

1957 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும் நிறைவேறியது. புதிதாகக் கட்டப்பட்ட கோணேசர் கோயிலின் குடமுழுக்கு 1963 இல் நடைபெற்றது. இப்பின்னணியில் 1968 ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகளை நாம் ஒருசேர வைத்து நோக்குதல் வேண்டும்.

அவ்வாண்டில் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில், தாழ்த்தப்பட்டோர் உள்ளே செல்லும் உரிமை கோரி நின்றனர். தடுத்தோரை வழிநடத்தியவர் முன்னாள் கணிதப் பேராசிரியரும் அமைச்சராயிருந்தவருமான செ. சுந்தரலிங்கம். அதே ஆண்டில் கோணேசர் கோயிற் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது குறித்து ஆராய உள்ளூராட்சி அமைச்சர் மு. திருச்செல்வம் குழுவொன்றை நியமித்தார். பிரதமர் டட்லி சேனநாயக்க அதனை நிறுத்தவே, திருச்செல்வம் பதவி துறந்தார். கோயிலின் எல்லையைக் காப்பதற்கு ஓர் அமைச்சுப் பதவி துறக்கப்பட்டது. கோயிலின் கதவைத் திறப்பதற்கு எந்தப் பதவியும் துறக்கப்படவில்லை. திருச்செல்வத்தின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. தமிழரசுக் கட்சி தீண்டாமை ஒழிப்பைக் கொள்கையளவில் ஏற்றிருந்தது என்பதையும் மறுக்கவில்லை. எந்த உரிமைக்கு எவ்வளவு விலை கொடுக்க ஒரு சமூகத்தின் தலைமை ஆயத்தமாயிருந்தது என்பதையே சுட்டுகின்றோம்.

1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவகையினரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராய் இருந்தனர். குடியேற்றத் திட்டங்களாலும் பின்வந்த போராலும் நிலம் பறிபோகும் அச்சம் இங்கு மெய்யான அச்சமாகவே இருந்துவந்துள்ளது. அவ்வச்சத்தின் நிழலில் உட்பிரிவுகளைப் பேசுதல் ஒற்றுமைக்கு ஊறு என்ற கருத்து வேரூன்றியது. குடிசன மதிப்பீடு இனத்தையும் மதத்தையும் எண்ணியது, சாதியை எண்ணவில்லை. எண்ணப்படாதது இல்லாததாகவே கொள்ளப்பட்டது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வழிபாட்டிடங்களிற் சாதித் தடையை விலக்கியுள்ளது. ஆனால், ஒரு சமூகம் தன் வரலாற்றை எவ்வாறு வாசிக்கின்றது என்பதை அரசியலமைப்புத் தீர்மானிப்பதில்லை.

கோணேசர் கல்வெட்டை இப்பிரதேசத்தில் தமிழரின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டுகின்றோம், அது தகும். அதே நூல் எம்முள் ஒரு சாராரின் உழைப்பு பிறப்பின் பெயரால் நிரந்தரமாகப் பணிக்கப்பட்டதற்கும் சான்றாகும். ஒன்றை ஏற்று மற்றதை மறைத்தல் ஆய்வு நெறியாகாது. அது அரசியற் பயனையும் தராது. நிலத்தின் மீது எமக்குள்ள உரிமையை வரலாற்றின் பெயரால் கோரும்போது, அந்நிலத்தை உழுதும் அதன் நெல்லைக் குற்றியும் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அதில் என்ன பங்கு என்ற வினாவுக்கும் நாம் விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம்.