திருப்பூர்ச் சாயத்தொழிலும் நீர்மீட்பும்

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் உற்பத்தியாகி, பழைய நாளில் காஞ்சிமாநதி என வழங்கப்பெற்று, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யலாற்றின் கரையில் அமைந்த திருப்பூர், பனியன் தொழிலால் உலகப் பிரசித்தி பெற்ற நகரம்; சாயக்கழிவுநீரை வெளியே விடாது மீட்டுக்கொள்ளும் முறையை நிர்ப்பந்தத்தால் ஏற்று, பின்னர் அதனையே வியாபார அனுகூலமாக ஆக்கிக்கொண்ட வகையில் தொழில் வரலாற்றில் தனியிடம் உடையது.

பருத்தித் துணியில் சாயம் பற்றுதற்குத் தொட்டியில் உப்பை மிகுதியாக இடவேண்டும். அவ்வுப்பு துணியில் தங்காமல் கழிவோடு வெளியேறுமாதலின், நிறத்தை அகற்றினாலும் நீரின் உவர்ப்பு நீங்குவதில்லை. பல்லாண்டுகள் ஆற்றில் விடப்பட்ட இந்நீர், பாசனத்திற்கென்றே எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கிணறுகளையும் நிலங்களையும் பாழாக்கிற்று; தம் வயலுக்கென்று கட்டிய அணையின் நீரைத் திறக்கலாகாது என்று உழவர்களே எதிர்த்து நின்றது பாசன வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்று. அவர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006-லும் உச்சநீதிமன்றம் 2009-லும் கட்டளையிட்டும் கழிவு நில்லாமையால், 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

அதன்பின் நிலைபெற்ற முறையில், நுண்ணுயிர்களால் தூய்மையாக்கிய நீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்சவ்வின் வழியே செலுத்தி நன்னீரைப் பிரித்து, எஞ்சும் உவர்நீரை ஆவியாக்கி உப்பைப் படிகமாகப் பெறுகின்றனர். நீரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கும், உப்பில் பெரும்பகுதியும் மீண்டும் சாயத்தொட்டிக்கே திரும்புகின்றன. முன்னர் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கிய பட்டறைகளுக்கு இது சிறிய லாபமன்று. ஆற்றைக் கெடுக்காத துணி வேண்டும் என்னும் ஐரோப்பிய வணிகரிடமும் திருப்பூரின் மதிப்பு இதனால் உயர்ந்தது.

தக்க முறையில் வகுத்த சுற்றுச்சூழல் விதி, தொழிலைப் புத்தாக்கத்திற்குத் தூண்டிப் போட்டியில் முன்னிறுத்தும் என்று அமெரிக்கப் பொருளறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1991-இல் எழுதினார். திருப்பூர் அக்கருத்துக்கு ஒரு சான்றே. ஆயினும் முழுச் சான்றென்று கூறலாகாது. ஆவியாக்கலுக்கு வேண்டும் எரிபொருளும் மின்சாரமும் மிகுந்த செலவை விளைவிக்க, அச்செலவின்றிச் சாயமிடும் ஊர்களின் சரக்கும் அதே சந்தையில் நிற்கிறது. ஆற்றின் நலத்தைக் கருதி வாங்குவோர் அதற்குரிய விலையையும் தருவதே நியாயம். உற்பத்தியாளர் பலர் காற்றாலை நிறுவி மின்செலவைக் குறைத்துள்ளனர். பிரித்தெடுக்க இயலாத கலப்பு உப்போ இன்னும் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது.