எஸ். ஆர். ரங்கநாதன்

ரங்கநாதன், எஸ். ஆர். (1892–1972): இந்திய நூலகவியலின் முன்னோடி. சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். முதலில் அந்த வேலையின் தனிமை அவருக்குப் பிடிக்கவில்லை. லண்டனில் பெற்ற பயிற்சி அவரை முழுமையாக மாற்றியது. அங்கே ஒரு கடையில் கண்ட மெக்கானோ விளையாட்டுப் பொருளே, சிறு கூறுகளை இணைத்து எந்த நூலின் பாடப்பொருளையும் வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறைக்கு (1933) வித்திட்டது. நூல்கள் பயன்பாட்டுக்கே எனத் தொடங்கும் அவரது ஐந்து நூலகவியல் விதிகள் 1931-இல் நூலாக வெளிவந்தன. நூல்களைப் பூட்டிக் காத்த காலத்தில் அந்த முதல் விதி பெரும் துணிச்சல். இந்தியாவின் முன்னோடிச் சட்டமான 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் அவரது நெடுநாள் உழைப்பின் பயன். 1957-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1962-இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார்.